மின்சுற்றுப் பலகைக்கு ஏற்ற அச்சுப்பொறி எது?

அடல் செயல்முறை ஆய்வுக்கூடங்கள் 2016ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுப் பள்ளிகளில் அமைக்கப்பட்டு வருகின்றன. அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வுக்கூடங்கள் ஐந்து ஆண்டுகளில் அமைக்கப்படும் என 2025ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. இத்தகைய கூடங்களுக்கு உபகரணம் வாங்குவோரின் கவனம் முப்பரிமாண அச்சுப்பொறி போன்ற புதுமைகளின் மீதே செல்வது இயல்பு. காகிதத்தில் அச்சிடும் சாதாரணப் பொறியைப் பற்றி எவரும் நெடுநேரம் சிந்திப்பதில்லை. ஆனால் ஒரு மாணவன் காலையில் வரைந்த மின்சுற்றை மாலைக்குள் செம்புப் பலகையாகக் கையில் ஏந்துவானா என்பதை முடிவு செய்வது அந்தச் சாதாரணப் பொறியே. வீட்டில் மின்னணுவியல் பயில்வோருக்கும் இது பொருந்தும். இருதிறத்தாருக்கும் ஏற்றது கறுப்பு நிறம் மட்டும் அச்சிடும் எளிய லேசர் அச்சுப்பொறியே ஆகும்.

இதன் காரணம் பொறியின் விலையில் இல்லை. அது பயன்படுத்தும் பொருளின் தன்மையில் இருக்கிறது. 1938இல் அமெரிக்கரான செஸ்டர் கார்ல்சன் நிலைமின்னேற்றத்தைக் கொண்டு உலர்ந்த தூளால் படியெடுக்கும் முறையைக் கண்டார். அதே தத்துவத்தில் பின்னர் தோன்றியதே லேசர் அச்சுப்பொறி. இதில் பயன்படும் டோனர் என்னும் தூள் உண்மையில் மை அன்று. அது கரி கலந்த நுண்ணிய பிளாஸ்டிக். பொறியினுள் இருக்கும் சூடான உருளை அதனை உருக்கிக் காகிதத்தில் ஒட்டுகிறது. ஒருமுறை உருகியது மறுமுறையும் உருகும். ஆகவே அச்சிட்ட வழவழப்பான காகிதத்தை, நன்கு தேய்த்துத் துலக்கிய செம்புப் பரப்பின் மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், டோனர் செம்பிற்கு மாறிவிடும். பின்பு காகிதத்தை நீரில் ஊறவைத்து உரித்தெடுக்கலாம். பெர்ரிக் குளோரைடு கரைசலில் பலகையை இட்டால், மூடப்படாத செம்பு கரைந்துபோகும். டோனருக்கு அடியில் உள்ள செம்பு தப்பி நிற்கும். பெரும்பாலான பலகைகளில் செம்பின் கனம் 35 மைக்ரான் மட்டுமே என்பதால் இவ்வேலை விரைவில் முடிந்துவிடும்.

திரவ மையைத் தெளிக்கும் இங்க்ஜெட் பொறியால் இது இயலாது. அதன் மை உருகுவதுமில்லை. அமிலத்தன்மையுள்ள கரைசலைத் தடுப்பதுமில்லை. அன்றியும், கோடை விடுமுறை முழுவதும் பயனின்றிக் கிடந்தால் அதன் நுண்துளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்கிறது. டோனர் தூளுக்கு அத்துன்பம் இல்லை. எனினும் இங்க்ஜெட்டை முற்றிலும் ஒதுக்குவது நியாயமாகாது. ஒளி உணரும் படலத்தைச் செம்பின் மேல் ஒட்டி, புற ஊதாக் கதிரால் உருவம் பதிக்கும் முறையில், ஒளிபுகும் தாளில் அடர்ந்த கறுப்பைத் தருவதில் அது சிறந்து விளங்கக்கூடும். ஆயினும் அம்முறைக்குத் தனி விளக்கும் பழகிய கையும் தேவை. தொடக்க நிலையில் அது வேண்டுவதில்லை.

விளம்பரங்களில் அங்குலத்துக்கு 4800 புள்ளி என்பன போன்ற எண்களைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. 600 புள்ளி அச்சிடும் பொறியில் ஒரு புள்ளியின் இடைவெளி சுமார் 0.042 மில்லிமீட்டர். மாணவர் வரையும் 0.5 மில்லிமீட்டர்த் தடத்தின் அகலத்தில் ஏறக்குறைய 12 புள்ளிகள் அடங்கிவிடும். இதற்கு மேற்பட்ட நுட்பத்தை இஸ்திரிப் பெட்டியும் கரைசலும் காப்பாற்றித் தரமாட்டா.

எண்களைவிட முக்கியமானவை வேறு சில உண்டு. தாளை ஒவ்வொன்றாகக் கையால் செலுத்தும் வழி பொறியில் இருத்தல் வேண்டும். தாள் அதிகம் வளையாமல் செல்லுதல் நலம். டோனரைச் சிக்கனப்படுத்தும் அமைப்பை நிறுத்திவைக்க இயல வேண்டும். இல்லையேல் தடங்களில் ஊசித்துளைகள் விழும். எல்லா டோனரும் ஒரே வெப்பத்தில் இளகுவதில்லை. ஆதலால் வாங்குமுன் கடையிலேயே ஒரு மாதிரித் தாளை அச்சிட்டு வந்து, செம்பில் ஒட்டிப் பார்ப்பதே அறிவுடைமை. பிளாஸ்டிக் பூசிய புகைப்படத் தாளை லேசர் பொறியில் இடலாகாது. அது உருளையில் உருகி ஒட்டிப் பொறியையே கெடுக்கும்.

அளவு மாறாமல் அச்சிடுவதும் இன்றியமையாதது. தாளுக்குத் தக்கபடி சுருக்கும் அமைப்பு இயங்கினால் படம் நூற்றுக்கு 3 பங்கு குறைந்துவிடலாம். அற்பமாகத் தோன்றும் இக்குறை, 40 கால்களுடைய ஒருங்கிணைந்த சுற்றில் முதற்காலுக்கும் இருபதாம் காலுக்கும் இடையிலுள்ள 48.26 மில்லிமீட்டரில் ஏறக்குறைய 1.45 மில்லிமீட்டர் ஆகிறது. கால்களின் இடைவெளியே 2.54 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்தால், அப்பலகை பயனற்றது என்பது விளங்கும். அச்சிட்ட தாளை முதலில் அளவுகோலால் அளந்து பார்க்கும் பழக்கத்தை ஆசிரியர் ஊட்டுதல் வேண்டும்.

தொழிற்சாலைகளே குறைந்த விலையில் பலகை செய்து அனுப்பும்போது இத்தொல்லை எதற்கு என வினவுவோர் உளர். இவ்வினாவில் உண்மை உண்டு. துளைகளின் உட்புறமும் செம்பு பூசப்பெற்ற, இருபுறமும் தடங்களுள்ள செம்மையான பலகையைத் தொழிற்சாலையே தரவல்லது. பல படிகள் வேண்டுமாயினும் அதுவே சிக்கனம். ஆனால் தவறான வரைபடத்தை அனுப்பியவனுக்கு அத்தவறு பல நாட்களுக்குப் பின்னரே தெரிகிறது. அதற்குள் அவன் ஆவல் தணிந்துவிடுகிறது. வகுப்பிலேயே செய்பவன் பிழையை அன்றே கண்டு அன்றே திருத்துகிறான். கல்வியின் நோக்கில் இவ்வேறுபாடு மிகப் பெரிது.

ஒரு கடமையும் உடன் வருகிறது. பயன்படுத்திய கரைசலில் செம்பு கலந்திருப்பதால் அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. அதனைச் சாக்கடையிலோ வயலிலோ கொட்டுதல் தகாது. சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து உலோகத்தை வண்டலாகப் படியச் செய்து, அவ்வண்டலை மூடிய கலத்தில் சேமித்து, அபாயகரமான கழிவுகளைக் கையாளும் அமைப்பிடம் சேர்ப்பிக்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் இன்றி எந்த மாணவனையும் இக்கரைசலின் அருகில் விடலாகாது. இவற்றுக்கு வழியில்லாத பள்ளி, வழி செய்துகொண்ட பின்னரே இப்பணியைத் தொடங்குவது முறை.

வேலை எதை வேண்டுகிறது என்று முதலில் கேட்டு, பின்னரே பொருளைத் தேடுவது விஞ்ஞான மனப்பான்மையின் அடையாளம். பல நிறங்களும் பல வசதிகளும் கொண்ட பொறி அலுவலகத்துக்கு அழகு தரலாம். மாணவனின் முதல் மின்சுற்றை உருவாக்கித் தருவதற்குக் கறுப்புத் தூளே போதும்.