வைஸ்ராய்ப் பூச்சி

'வைஸ்ராய்' என்ற பட்டம் நமது நாட்டில் 1947-ஆம் வருஷத்திலேயே மூட்டை கட்டிவிட்டது. ஆயினும் வட அமெரிக்காவில் அது இன்றும் சிறகடித்துப் பறந்துகொண்டிருக்கிறது! அங்கே 'மானார்க்', அதாவது மன்னன், என்று ஒரு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி உண்டு. அதைப் போலவே உடையணிந்து, உருவத்தில் சற்றுச் சிறியதாயுள்ள மற்றொரு பூச்சிக்குத்தான் 'வைஸ்ராய்' என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள். பின்சிறகின் குறுக்கே ஓடும் கரிய கோடு ஒன்றே அதைக் காட்டிக் கொடுக்கும்.

மன்னனின் புழு உண்பது நமது எருக்கின் இனத்தைச் சேர்ந்த, பால் வடியும் செடிகளை. அவற்றின் நஞ்சு உடலில் ஊறியிருப்பதால், அப்பூச்சியைத் தின்ற பறவை வாந்தியெடுக்கும். மறுமுறை அந்த நிறத்தின் பக்கமே போகாது. வைஸ்ராயின் புழுவோ வில்லோ மரத்து இலையைத் தின்று வளர்வது. ஆகையால், சொந்தச் சரக்கு ஏதுமின்றி எஜமானனின் வேஷத்தால் பிழைக்கும் பிராணி என்றே பாடப் புத்தகங்கள் நெடுங்காலம் அதை வர்ணித்து வந்தன. அந்த வர்ணனை நமக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை ஒளிப்பானேன்?

1991-இல் ரிட்லண்ட், பிரௌவர் என்னும் இரு விஞ்ஞானிகள் புளோரிடாவில் பிடித்த பூச்சிகளின் சிறகுகளைக் களைந்து, வயிற்றுப் பகுதியை மட்டும் பறவைகளுக்கு இட்டுப் பார்த்தார்கள். வேஷம் கலைந்த பின்னும் பறவைகள் வைஸ்ராயைப் பல தடவை உண்ணாமல் ஒதுக்கின. மன்னனைப் போலவே அதுவும் கசந்தது! இரண்டும் ஒரே சீருடையால் ஒன்றையொன்று காத்துக்கொள்கின்றனவாம். நாம் ரசித்த பரிகாசத்தை நாமே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று, பூச்சியின் மட்டில்தான்.