எடைக்கல் எவனுடையது?

கடை உங்களுடையது, சரக்கு உங்களுடையது, தராசும் உங்களுடையது. எடைக்கல் மட்டும் எதிர்க்கடைக்காரனுடையது என்றால் அந்த வியாபாரம் எத்தனை நாளைக்கு? அவனுக்குக் கோபம் வருகிற அன்று கல்லைத் திருப்பிக் கேட்பான். கடையைச் சாத்த வேண்டியதுதான்!

சீனாவுக்கு நேர்ந்தது இதுதான். 2015-ல் சீன சூப்பர் கம்ப்யூட்டர் மையங்களுக்கு இன்டெல் சிப்புகள் போகாமல் அமெரிக்க அரசு தடுத்தது. 2018-ல் இசட்.டி.இ. நிறுவனத்துக்கு அமெரிக்கச் சரக்கு தரக் கூடாது என்றது. சில வாரங்களில் அந்த நிறுவனத்தின் முக்கிய வேலைகளே நின்றுபோயின. நூறு கோடி டாலர் அபராதத்துக்குச் சம்மதித்த பிறகே கதவு திறந்தது.

சிப்பை உள்நாட்டில் செய்துவிட்டால் தீர்ந்ததா? தீராது. கம்ப்யூட்டரின் மூளைக்கு ஒரு பாஷை உண்டு. கூட்டு, கழி, இதை எடு, அங்கே வை என்று அதற்குப் புரிகிற கட்டளைகளின் தொகுதி. எந்த மென்பொருளும் கடைசியில் அந்தப் பாஷைக்கு மாறித்தான் ஓட வேண்டும். அந்தப் பாஷைக்குத்தான் முதலாளிகள் இருக்கிறார்கள்!

சீன அறிவியல் கழகத்தின் ஆய்வகத்தில் 2001-ல் ஹூ வெய்வூ தலைமையில் லூங்சன் வேலை தொடங்கியது. 2002-ல் முதல் சிப் வந்தது. பாஷை மட்டும் அமெரிக்காவின் மிப்ஸ். காப்புரிமை உள்ள நான்கு கட்டளைகளை விட்டுவிட்டு ஒப்பேற்றினார்கள். 2009-ல் முறைப்படி உரிமம் வாங்கினார்கள். சொந்த வீடு என்று சொல்லிக்கொண்டு வாடகை கட்டிய காலம் அது. 2021-ல்தான் லூங்ஆர்ச் என்ற சொந்தக் கட்டளைத் தொகுதியும், அதில் ஓடும் 3ஏ5000 சிப்பும் வந்தன. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டில் மிப்ஸ் நிறுவனமே தன் பாஷையை விட்டு ரிஸ்க்-வி பக்கம் போவதாக அறிவித்தது!

சீன அரசுக்குப் பட்டயம் எழுத நான் உட்காரவில்லை. 2003-ல் ஷாங்காயில் ஹான்சின் என்று ஒரு 'சொந்த' சிப்பைக் காட்டி அரசுப் பணத்தை வாரினார்கள். அது மோட்டரோலா சிப்பின் பெயரைத் தேய்த்து அழித்த மோசடி என்று 2006-ல் அம்பலமானது. சுதேசி முத்திரைக்குப் பின்னால் திருட்டுச் சரக்கும் ஒளியும்; நம் இளைஞர்களுக்கு இதையும் சொல்லத்தான் வேண்டும்.

2023 மார்ச்சில் அமெரிக்கா லூங்சனையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே 3ஏ6000 வந்தது. 2020-ல் வந்த இன்டெல் ஐ3-க்கு இது நிகர் என்கிறது நிறுவனம். மூன்று ஆண்டு பின்னால்தான், ஆனால் யாரும் திருப்பிக் கேட்க முடியாத கல்!

குறை இல்லாமல் இல்லை. மிக நுண்ணிய சிப்புகளை அச்சிடும் ஹாலந்து இயந்திரத்தை இன்றுவரை சீனாவுக்கு விற்கவில்லை. 2022-ல் லினக்ஸ் இந்தப் பாஷையை ஏற்றுக்கொண்டது; விண்டோஸ் ஏற்கவில்லை. பழைய மென்பொருள்களை மொழிபெயர்த்து ஓட்டினால் வேகம் குறைகிறது. அரசு அலுவலகங்களும் பள்ளிக்கூடங்களும் வாங்குகின்றன. உத்தரவு போட்டால் வாங்கத்தானே செய்வார்கள்? சொந்தக் காசைப் போட்டு வாங்குகிற கடைக்காரன், தன் கணக்கு மென்பொருள் இதில் ஓடுமா என்றுதான் முதலில் கேட்பான்.