பூச்சும் புதிய டாங்கும்



இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் 5,00,000-க்கும் அதிகமாகக் கட்டப்பட்டது. அதை இன்றும் பேணிவருகிறவர்கள் நடுவே ஓயாத வழக்கு ஒன்றுண்டு. துருவேறிய பெட்ரோல் டாங்கின் உள்ளே பூச்சு ஊற்றி அதைக் காப்பாற்றலாமா, அல்லது கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவதா? புதியதே தகும் என்பது என் துணிபு.

அந்த டாங்க் எவ்விடத்தில் கெடுகிறது என்பதைச் சற்றே நிதானித்துப் பாருங்கள். அது காரின் பின்புறத்தில், சாமான் வைக்கும் தளத்தின் அடியிலே தொங்குகிறது. தளத்துக்கும் டாங்கின் மேற்பரப்புக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியில் சாலைச் சேறு தங்கி, மழைநீரை உறிஞ்சி, உலராமல் கிடக்கிறது. ஆகவே துரு வெளியிலிருந்து, அதுவும் மேலிருந்து துளைக்கிறது. பாதி டாங்க் பெட்ரோலோடு ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. முழுவதும் நிரப்பிய நாளிலேதான் வாடை வீசும். கீழே குனிந்து பார்த்துவிட்டு, சொட்டு இல்லை என்று திருப்தியடைகிறவர்கள் அநேகர்.

உள்ளே ஊற்றும் பூச்சு வெளித்துருவை நிறுத்தாது. மேலும் பிரிட்டனில் 2021 முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது நீரை ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களையும் சில பழைய பூச்சுகளையும் கெடுக்கும். உரிந்த பூச்சு பெட்ரோல் வழியை அடைத்துவிடும்.

வீடு கட்டுகிறவன் மெத்தைக்குக் கைபிடிச்சுவர் கட்டவேண்டும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறதை அறிவீர்கள். விழக்கூடியவன் வீட்டுக்காரன் மட்டுமல்லவே. பூச்சால் மறைத்த டாங்கோடு காரை விற்றுவிட்டு, வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாதிருப்பதை நான் சாமர்த்தியம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். அருகே அமர்ந்து வரும் பிள்ளைக்கு அந்தத் துளை தெரியாது.

வேலை கடினமன்று, ஆனாலும் அவசரம் ஆகாது. முதலாவது பேட்டரி இணைப்பைக் கழற்றவேண்டும். பெட்ரோலைத் திறந்தவெளியில் வடிக்கவேண்டும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானதாகையால் பள்ளத்தில் தேங்கி, எங்கோ எழும் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். காலி டாங்க் ஆபத்தற்றது என்று எண்ணாதிருங்கள். நிறைந்த டாங்கைவிட, ஆவி நிரம்பிய காலி டாங்கே பயங்கரமாக வெடிக்கக்கூடியது. அதை வெல்டிங் செய்ய முற்படுவது விபரீதம். பெட்ரோல் அளவுமானியின் பூட்டுவளையத்தைத் தட்டிக் கழற்ற இரும்பு உளி வேண்டாம், பித்தளையே நல்லது. ரப்பர் வளையத்தையும் குழாய்களையும் எத்தனால் தாங்கும் புதியவையாக மாற்றுங்கள். பழையவற்றை மிச்சப்படுத்துவது வீண் சிக்கனம்.

புதிய டாங்கைத் தூக்கி மாட்டுமுன் அதன் மேற்புறத்துக்கு நன்றாக வண்ணம் பூசி உலரவிடுங்கள். மாட்டியபின் அந்தப் பக்கத்தை இன்னும் பல ஆண்டுகளுக்கு ஒருவரும் பார்க்கப்போவதில்லை.