பூட்டைத் திறக்கச் சங்கம் வேண்டும்



நூலக இயல் படிக்கும் பட்டதாரிகளின் சங்கத்தைப் பற்றி ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் என்ன கவலை என்று கேட்கலாம். கவலை உண்டு. நூலகம் நம் பணத்தில் நடக்கிறது. வீட்டு வரி ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. குடியிருப்பவனோ அதை வாடகையிலேயே கொடுத்துவிடுகிறான்.

இந்த வரியைக் கொண்டுவந்த 1948-ம் வருஷச் சென்னைப் பொது நூலகச் சட்டம் தானாக வரவில்லை. 1928-ல் அமைந்த சென்னை நூலகச் சங்கமும், அதன் காரியதரிசி எஸ்.ஆர். ரங்கநாதனும் விடாது பாடுபட்டதன் பலன் அது. அந்தச் சங்கம்தான் 1929-ல் நூலகர் பயிற்சி வகுப்பையும் தொடங்கியது. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியிலேயே புத்தகங்கள் கிராமங்களுக்குப் போயின. சங்கம் என்றால் இப்படி ஜனங்களிடம் போக வேண்டும்!

இன்றைய மாணவர் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் வருஷத்துக்கொரு கூட்டம், ஒரு விருந்து, வேலைக்கு நாலு யோசனை என்று நின்றுவிட்டால் போதுமா? வேலையே இல்லாதபோது யோசனை சோறு போடுமா? பட்டம் பெற்ற வாலிபன் காத்திருக்கிறான். கிராமத்திலோ பகுதிநேர நூலகம் சில மணி நேரம் திறந்து மூடப்படுகிறது. ஷிப்டு முடிந்து வருபவனும், நடவு முடித்துக் கரையேறும் பெண்ணும் பூட்டைத்தான் பார்க்கிறார்கள்.

அவர்கள் கேட்பது வேலை. நாம் கேட்பது புத்தகம். இரண்டும் ஒரே கோரிக்கைதான். பகுதிநேர நூலகங்களை முழுநேரமாக்கு! படித்தவர்களை முழுச் சம்பளத்தில் நியமி! இரவு எட்டு மணி வரை திறந்து வை!

பட்டதாரித் தோழர்களே, இந்தக் கோரிக்கையோடு எங்கள் சங்கக் கொட்டகைக்கு வாருங்கள். சேர்ந்தே கேட்போம்.