பனியில்லா ஊரிலும் நீரை வடிக்க வேண்டும்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் நின்றுகொண்டு, கேரவனின் நீரமைப்பைக் குளிர்காலத்திற்கு ஆயத்தப்படுத்துவது பற்றிப் பேசினால் கேட்பவர் நகைக்கக்கூடும். மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான நகரம் இது. ஆயினும் கனடாவிலும் அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் உருவான அந்த வழக்கத்தின் உட்பொருள் கேரளத்திற்கு இன்று மிகவும் தேவைப்படுகிறது.

நீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். குழாயும் பம்பும் ஹீட்டரும் வெடிப்பதற்கு அதுவே போதும். ஆகவே அந்நாடுகளில் பருவம் முடிந்ததும் தொட்டிகளைக் காலி செய்வர். ஹீட்டரை ஆறவிட்டு வடிப்பர். தாழ்ந்த இடத்திலுள்ள வடிகால் அடைப்புகளைத் திறப்பர். எஞ்சிய நீரைக் காற்றழுத்தத்தால் வெளியேற்றுவர். கழிவுக் குழாயின் வளைவுகளில் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த உறைதடுப்பு நீர்மத்தை ஊற்றுவர். கார் ரேடியேட்டரில் பயன்படும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சாதலால் அது இங்கே விலக்கப்பட்டது.

கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. 2022-இல் வாகமணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. இம்மாநிலத்தில் உறைபனிக்கு அஞ்ச வேண்டிய இடங்கள் மிகச் சில. மூணாற்றை ஒட்டிய உயர்ந்த தேயிலைத் தோட்டங்களில் சனவரி விடியலில் வெப்பநிலை சுழியத்தைத் தொடுவதுண்டு. அங்கே இரவு தங்கும் வண்டிக்கு மேற்சொன்ன முறை அப்படியே பொருந்தும். சமவெளியில் ஆபத்து வேறு வகையானது. இங்கே வண்டி ஓய்வெடுப்பது மழைக்காலத்தில். தொட்டியில் விடப்பட்ட நீர் உறைவதில்லை, தேங்குகிறது.

தேங்கிய வெதுவெதுப்பான நீரின் தீங்கை அறிவியல் நன்கறியும். 1976-இல் பிலடெல்பியாவில் பரவிய நிமோனியாவால் அடையாளம் காணப்பட்ட லெஜியோனெல்லா நுண்ணுயிரி, 20 முதல் 45 பாகை வரையுள்ள நீரில் பெருகும். ஷவரின் நுண்திவலைகள் வழியே நுரையீரலை அடையும். ஆரியசாலையில் நிறுத்தப்பட்ட ஒரு வண்டியின் தொட்டிநீர் ஆண்டு முழுவதும் இந்த வரம்பிற்குள்ளேயே இருக்கும். 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தை அச்சுறுத்திய அமீபா மூளைக்காய்ச்சலும் இங்கு நினைக்கத்தக்கது. நீரைக் குடிப்பதால் அந்நோய் வருவதில்லை. நெக்ளேரியா அமீபா மூக்கின் வழியே நுழைகிறது. குளத்தில் இறங்காதவர்க்கும் அமீபா மூளைக்காய்ச்சல் கண்டபின்னரே கிணறும் தொட்டியும் கவனம் பெற்றன.

குளோரின் இட்டால் போதாதா என வினவலாம். போதாது. தேங்கிய நீரில் குளோரின் நாள்தோறும் தேயும். குழாயின் உட்சுவரில் படியும் நுண்ணுயிர்ப் படலத்தினுள் அது எளிதில் ஊடுருவாது. முதலில் வடித்து உலர்த்த வேண்டும். மீண்டும் பயன்படுத்துமுன் லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவில் குளோரின் கலந்த நீரைச் சில மணி நேரம் நிறுத்தி, பின் நன்கு அலச வேண்டும். நீர் வீணாகுமே என்ற கவலைக்கும் விடையுண்டு: குளோரின் கலக்குமுன் வடிக்கும் நன்னீர் செடிகளுக்கும் தரை கழுவவும் பயன்படும்.

எனவே கேரவன் உரிமத்தைப் புதுப்பிக்கையில், வண்டி எந்நாளில் வடிக்கப்பட்டது, எந்நாளில் தூய்மை செய்யப்பட்டது என்னும் பதிவேட்டை அரசு கேட்க வேண்டும். கேரவன்கள் குறைவாகவே இருக்கலாம். ஆனால் கோடை விடுமுறையில் பூட்டப்படும் கல்லூரி விடுதிகளின் மேல்நிலைத் தொட்டிகள் எத்தனை! சூன் மாதத்தில் முதல் மாணவர் ஷவரைத் திறக்குமுன் அந்தத் தொட்டி வடிக்கப்பட்டதா என்று எந்த விடுதிக் காப்பாளரிடமாவது கேட்கப்படுகிறதா? பனிநாட்டார் வண்டியைக் காக்க வகுத்த ஒழுங்கு, வெப்பநாட்டில் மனிதரைக் காப்பதற்குரியது. இங்குக் குழாய் வெடித்து எச்சரிப்பதில்லை என்பதால், பதிவேடே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.