பாட்டி ஏன் பாட மறுக்கிறாள்?

ஒப்பாரி பாடச் சொல்லிப் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். "வீட்டில் விளக்கு எரியும் நேரத்தில் அதைப் பாடலாமா?" என்று சீறுவாள். பாட்டு அவளுக்குத் தெரியும். ஆனால் இழவு விழாத வீட்டில் பாட மாட்டாள். அந்த மறுப்பையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

போடிநாயக்கனூரில் இருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். (இங்கே மெட்டு என்றால் கணவாய். பாட்டுக்கும் மெட்டு உண்டு!) காலையில் ஜீப்புகளில் பெண்கள் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள்.

ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கும். பழுத்ததை மட்டும் பார்த்து, குனிந்து எடுக்க வேண்டும். பச்சையாக இருப்பதை விட்டுவிட்டு, அதே செடிக்குச் சில வாரங்களில் மறுபடி வர வேண்டும். நாற்று நடும் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். பாட்டுக்குக் கையும் காலும் தாளம் போடும். தோட்டத்திலோ ஆளுயரத்துக்கு மேல் இலை. பக்கத்துச் செடியில் இருப்பவள் முகம் தெரியாது, குரல்தான் கேட்கும். வயல் பாட்டையும் தோட்டத்துப் பாட்டையும் ஒன்று என்று எப்படிச் சொல்வது?

இசையை மக்கள் வாழ்க்கையோடு சேர்த்து ஆராய்வது ஒரு தனிப் படிப்பு. அர்னால்டு பேக் என்ற டச்சுக்காரர் 1938-ல் தென்னிந்தியாவில் பாட்டுகளைப் பதிவு செய்தார். 1984-ல் நசீர் ஜைராஸ்பாய் என்ற அறிஞர் அந்தப் பதிவுகளோடு அதே இடங்களுக்கு வந்தார். அங்கிருந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினார். எது நிலைத்தது, எது மறைந்தது என்று விசாரித்தார். 46 ஆண்டு இடைவெளி!

"நம் பாட்டுதான் சினிமாவிலேயே வந்துவிட்டதே, இனி அழியாது" என்கிறார்கள் சிலர். இந்த மலையடிவாரத்துப் பண்ணைப்புரம்தான் இளையராஜாவின் ஊர். அவர் அண்ணன் பாவலர் வரதராசன், 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடி ஓட்டுக் கேட்டவர். தம்பி 1976-ல் 'அன்னக்கிளி' படத்தில் கிராமத்து மெட்டைத் தமிழ்நாடு முழுவதும் கேட்க வைத்தார். பெருமைதான். ஆனால் அந்த மெட்டை முதலில் எந்த வேலையில், யாருக்காகப் பாடினார்கள் என்பதைப் படம் சொல்லாது. பாட்டிதான் சொல்ல வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைக்கலாம். கையில் செல்பேசி இருக்கிறது. பாட்டைப் பதிவு செய்யட்டும். கூடவே நான்கு கேள்விகள் கேட்கட்டும்: எந்த வேலையில் பாடினாய்? யாரிடம் கற்றாய்? யார் முன்னால் பாட மாட்டாய்? எப்போது நிறுத்தினாய், ஏன்?

தோட்ட விடுமுறை நாளில் பாட்டி வீட்டில்தான் இருப்பாள். அன்றைக்கே ஆரம்பிக்கலாம்.