சோம்பேறிகளுக்காகவா கட்டினார்கள்?

அமெரிக்க நாட்டுப்புறங்களில் 19ஆம் நூற்றாண்டில் கவுன்டிதோறும் எழுந்த ஏழை விடுதிகளைப் பற்றி ஒரு பேச்சு இன்றும் நிலவுகிறது. உடலில் தெம்பிருந்தும் உழைக்காதவர்களை வேலைக்குப் பழக்கவே அவற்றைக் கட்டினார்களாம். விடுதிப் பண்ணையில் பாடுபட்டு அவர்களே தங்கள் வயிற்றைக் கழுவிக்கொண்டார்களாம். இதை மறுக்க வெளியிலிருந்து சாட்சி தேட வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலத்தில் 1824இல் கவுன்டி ஏழை விடுதிச் சட்டம் வர வழிசெய்த ஜான் யேட்ஸின் அறிக்கையே போதும். நிரந்தரமாக உதவி பெற்றுவந்த 6,896 பேரில் 14 வயது நிரம்பாத பிள்ளைகள் மட்டுமே 2,604. உழைத்துப் பிழைக்கக்கூடியவர்கள் என அவர் கணக்கிட்டது 1,789 பேரைத்தான். அவர்களுக்கும் முழு உடல்வலு இல்லை என்று அவரே குறித்திருக்கிறார். எஞ்சியோரில் பெரும்பாலோர் முதியவர்கள், பார்வையற்றவர்கள், நோயாளிகள், சித்தம் கலங்கியவர்கள். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் சோம்பலுக்கு மருந்து எழுதினார்கள்.

கட்டடங்களும் இதையே காட்டுகின்றன. அதே மாநிலத்தின் ஜெனிசி கவுன்டி 1826இல் தன் விடுதிக்காகத் தேர்ந்தெடுத்தது, பெத்தனியில் கோச்சு வண்டிப் பயணிகள் தங்கிவந்த ஒரு செங்கல் சத்திரத்தை. கவுன்டியின் நடுவில் அமைந்திருந்ததே அதன் தகுதி. 1828இல் அதையொட்டி ஒரு கல் கட்டடம் எழுப்பினார்கள். சித்தம் கலங்கியவர்களையும் ஒழுங்கு மீறியவர்களையும் அடைத்துவைக்க! மாநிலம் முழுவதும் இந்த விடுதிகளைச் சுற்றிப் பார்த்த செனட் குழு 1857இல் தந்த அறிக்கையில், மோசமான கட்டுமானம், குளிருக்குப் போதிய கணப்பின்மை, காற்றோட்டமின்மை ஆகியவையே நிறைந்திருந்தன.

வலுவான ஆண்களும் அங்கே இருந்தார்களே என்று கேட்கலாம். இருந்தார்கள், பனிக்காலத்தில். கால்வாய்கள் உறைந்து, வயல்வேலை நின்று, கூலி அற்றுப்போன மாதங்களில் வந்தார்கள். வசந்தத்தில் வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டார்கள். பண்ணைக்கு ஆள் தேவைப்பட்ட பருவத்தில் விடுதியில் மிஞ்சியவர்கள் ஏர் பிடிக்க முடியாதவர்கள். பண்ணை விளைச்சல் செலவை ஓரளவு குறைத்திருக்கலாம். விடுதியைத் தாங்கியது வரிப்பணம்.

உள்ளே இருப்பவரைத் திருத்துவதைவிட வெளியே இருப்பவரை அச்சுறுத்துவதே நோக்கம், அது நிறைவேறியது என்பார்கள் சிலர். இதுதான் நேர்மையான வாதம். ஆனால் அதை ஒப்புக்கொண்டால் வேலைக்குப் பழக்கிய கதை விழுந்துவிடும். அந்த அச்சத்தின் விலையைக் கொடுத்தவர்களும் சோம்பேறிகள் அல்லர். 1875இல் நியூயார்க் ஒரு சட்டம் போட்டுப் பிள்ளைகளை வெளியேற்றியது. 1890இல் மனநோயாளிகளை மாநில மருத்துவமனைகளுக்கு மாற்ற முடிவெடுத்தது. பிறகு அங்கே மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் முதியவர்களே. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் உதவித்தொகைக்கு வழிவகுத்தபோது, பொது விடுதிகளில் வசிப்பவர்களுக்கு அது கிடையாது என்றும் விதித்தது. கையில் கொஞ்சம் காசு வந்ததும், வெளியே வாழ முடிந்தவர்கள் வெளியே வாழ்ந்தார்கள். படுத்த படுக்கையானவர்களுக்காகப் பல விடுதிகள் கவுன்டி மருத்துவ இல்லங்களாயின.